செய்மதிப் போன் எந்த மண்ணில் இறங்குகிறது? பாதுக்க முதல் இரணவில வரை ஒரு வரலாறு



அன்பின் உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன வாரம் ஒன்பதாம் தர வகுப்பில் ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான்: "சேர், செய்மதிப் போனுக்கு டவரே தேவையில்லையாமே? அப்ப ஏன் எங்கட வாப்பாக்கு ஒன்டு எடுத்துக் குடுக்க ஏலாது?"

அவனுடைய வாப்பா கற்பிட்டிப் பக்கம் சின்னப் போட்டில் கடலுக்குப் போகிறவர். கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் கைப்பேசியில் சிக்னல் இல்லாமல் போய்விடும். அதற்குப் பிறகு அவர் திரும்பி வரும்வரை வீட்டில் இருப்பது துஆ மட்டும்தான். படகு இரண்டு மணித்தியாலம் பிந்தினால் அந்த வீட்டில் யாரும் படுப்பதில்லை. அடுத்த நாள் அந்தப் பிள்ளை வகுப்பில் தூங்கி வழிவதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

"டவர் தேவையில்லை" என்பது பாதிதான் உண்மை. மற்றப் பாதியைச் சொல்லத் தொடங்கினோம், 40 நிமிடப் பாடவேளை முடிந்துவிட்டது. பிள்ளைகளுக்குச் சொல்ல வந்ததை ஊருக்கும் சொன்னால் நல்லது என்று தோன்றியது. ஏனென்றால் இந்தக் கதையில் நம்முடைய கரையும் இருக்கிறது, நம் உம்மாமாரும் இருக்கிறார்கள்.

முதலில் அடிப்படை விஷயம். செய்மதிப் போனில் பேசினால் குரல் நேரே வானத்துக்குப் போகிறது. ஆனால் அது வானத்திலேயே நின்றுவிடுவதில்லை. செய்மதி கேட்டதைப் பெருக்கித் திரும்பக் கீழே அனுப்புகிறது. கீழே ஓரிடத்தில் பெரிய தட்டு அலைவாங்கிகளோடு ஒரு தரை நிலையம் இருக்கும். பேசுகிறவர் யார், காசு கட்டியவரா, யாருக்குப் பேச வேண்டும், எந்த நாட்டு லைனில் கொடுக்க வேண்டும் என்று முடிவாவது அங்கேதான். கணக்கு எழுதப்படுவதும் அங்கேதான். அந்த நிலையம் படுத்துவிட்டால் வானத்தில் செய்மதி சுகமாக இருந்தாலும் கையில் உள்ள போன் வெறும் கட்டைதான்.

இந்தப் பாடத்தின் தொடக்கத்திலேயே நம் நாட்டோடு தொடர்புள்ள ஒருவர் இருக்கிறார். ஆர்தர் சி. கிளார்க், 1945 ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்ற ஆங்கிலச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை வைத்தால், அது பூமியோடு சேர்ந்தே சுற்றும், கீழே இருந்து பார்ப்பவருக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல இருக்கும், அப்படி மூன்று இருந்தால் உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று கணக்குக் காட்டினார். அப்போது வானத்தில் ஒரு செய்மதிகூட இல்லை. 1956இல் அவர் இலங்கைக்கு வந்து, கடலில் சுழியோடுவதில் ஆசை வைத்து, இங்கேயே தங்கி, 2008இல் கொழும்பில் காலமானார். 1975இல் இந்தியா, கிராமங்களுக்குச் செய்மதி வழியாகத் தொலைக்காட்சி காட்டும் பரிசோதனையைத் தொடங்கியபோது, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பொறியியலாளர்கள் கொழும்பில் அவருடைய வீட்டிலேயே ஒரு தட்டு அலைவாங்கியைப் பூட்டிக் கொடுத்தார்கள். நாட்டில் தொலைக்காட்சி நிலையமே இல்லாத காலம் அது.

அதற்குள் உலகம் கிளார்க்கின் கணக்கைச் செய்துகாட்டிவிட்டது. 1964இல் பல நாடுகள் சேர்ந்து இன்டெல்சாட் அமைப்பைத் தொடங்கின. 1965 ஏப்ரலில் முதல் செய்மதி அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு மேலே போனது. இந்து சமுத்திரத்துக்கு மேலே செய்மதி நின்றது 1969இல். அப்போதுதான் உலகம் முழுவதும் ஒரே வலையாயிற்று. ஆனால் வானத்தில் செய்மதி இருந்தால் போதாது, ஒவ்வொரு நாடும் தன் மண்ணில் ஒரு தரை நிலையம் கட்ட வேண்டும். இந்தியா பூனாவுக்குப் பக்கத்தில் ஆர்வியில் கட்டியது. குவைத் உம்முல் ஐஷ் என்ற பாலைவன இடத்தில் கட்டியது. இலங்கை 1970களின் நடுப்பகுதியில் பாதுக்கவில் கட்டியது.

பாதுக்க, கொழும்பு மாவட்டத்தின் உள்பக்கம், இறப்பர்த் தோட்டங்கள் உள்ள ஊர். செய்மதியிலிருந்து வந்து சேரும் அலை மிக மிக மெல்லியது. நகரத்து மின் இரைச்சலுக்கு நடுவில் அதைப் பிடிக்க முடியாது. அதனால்தான் எல்லா நாடுகளும் இப்படியான நிலையங்களை நகரத்தை விட்டுத் தள்ளிக் கட்டின. அந்தக் காலத்து முதல்தரத் தட்டுகள் சில 30 மீற்றர் அகலம், அதாவது நம் பாடசாலை மண்டபத்தையே உள்ளே வைக்கலாம். தட்டு மட்டும் போதாது. மின்சாரம் போனால் உடனே பிடிக்க பற்றரி, ஜெனரேட்டர், அலையைப் பெருக்கும் கருவி, அது சூடாகாமல் குளிரூட்டல், செய்மதி சற்று அசைந்தாலும் பின்தொடரும் மோட்டார், இரவு பகலாக முறை வைத்துக் காவல் இருக்கும் தொழில்நுட்பக்காரர்கள், இவ்வளவும் வேண்டும். 1976 ஓகஸ்டில் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு கொழும்பில் நடந்தது. வெளிநாட்டுத் தொடர்புக்கு மழை வெயில் பார்த்து இரையும் சிற்றலை வானொலியை நம்பியிருந்த காலம் அத்தோடு மாறத் தொடங்கியது.

தலைவர்களுக்காகக் கட்டியது என்று சொன்னாலும், பாதுக்கவை அதிகம் பயன்படுத்தியவர்கள் நம் போன்ற வீடுகள்தான். 1970களின் இறுதியிலிருந்து நம் கரையிலிருந்து பெண்களும் ஆண்களும் சவூதி, குவைத், டுபாய் என்று வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். கடிதம் போய் வர வாரங்கள் ஆகும். கசட்டில் குரல் பதிந்து வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பினார்கள். அவசரம் என்றால்தான் டெலிபோன். நம் ஊர் எக்ஸ்சேஞ், அங்கிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து பாதுக்க, பாதுக்கவிலிருந்து மேற்கே கடலுக்கு மேல் நிற்கும் செய்மதி, செய்மதியிலிருந்து அரபு நாட்டுத் தட்டு, அதிலிருந்து எஜமானர் வீட்டுப் போன். இதுதான் பாதை.

அந்தக் கோல்களில் ஒரு பிரச்சினை இருந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். "ஹலோ" என்றால் உடனே பதில் வராது. கேட்கவில்லையோ என்று மறுபடி "ஹலோ" என்போம், அந்நேரம் அங்கிருந்து பதில் வந்து இரண்டும் மோதும். லைன் பழுது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது பழுதல்ல, தூரம். குரல் 36,000 கிலோமீற்றர் ஏறி, 36,000 கிலோமீற்றர் இறங்க வேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலும் கால் செக்கன் பிடிக்கும். பதில் வர இன்னொரு கால் செக்கன். அந்த அரைச் செக்கனுக்குள் எத்தனை உம்மாமார் அழுதிருப்பார்கள்! நிமிடத்துக்குக் காசு ஏறிக்கொண்டிருக்க, "நல்லா இரிக்கிறியா மகள்" என்று கேட்பதற்குள் பாதி நேரம் போய்விடும்.

1990ஐ நாம் யாரும் மறக்கமாட்டோம். ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. வெளிநாட்டு லைன்கள் அறுந்தன. நம் நாட்டவர் பல்லாயிரம் பேர் அங்கே இருந்தார்கள், பலர் பாலைவனத்தைக் கடந்து ஜோர்தானுக்கு ஓடினார்கள். அந்த ஆக்கிரமிப்பின்போது உம்முல் ஐஷ் தரை நிலையம் அழிக்கப்பட்டது. இதை நன்றாகக் கவனியுங்கள். செய்மதிக்கு ஒரு கீறலும் விழவில்லை. அது வழமைபோல இந்து சமுத்திரத்துக்கு மேலே நின்றது. பாதுக்கவின் தட்டும் நின்றது. மறுமுனையில் மண்ணில் இருந்த தட்டு இல்லை, அதனால் அந்த வழியும் இல்லை.

மூன்று மாதம் ஆகவில்லை, ஒக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்ப் பக்கத்திலிருந்து நம்மவர்கள் படகேறிக் கற்பிட்டியில் இறங்கினார்கள். ஓகஸ்டில் வீட்டிலிருந்தவர்கள் வெளிநாட்டிலிருந்தவரைத் தேடித் தவித்தார்கள். ஒக்டோபரில் வெளிநாட்டிலிருந்தவர்கள் வீட்டையே தேடித் தவித்தார்கள். எங்கள் சாச்சி அப்போது ரியாத்தில் வேலை. அவர் எழுதிய கடிதம் போய்ச் சேர அந்த விலாசத்தில் வீடு இருக்கவில்லை. முகாமிலிருந்து எங்கள் மாமா ஒருவர் கொழும்புக்குப் போய்க் கோல் எடுத்தார். கையில் இருந்த காசுக்கு ஒரு நிமிடம்கூட முழுதாகப் பேச முடியவில்லை. "நாங்க எல்லாரும் உசிரோட இரிக்கிறம். புத்தளத்துல இரிக்கிறம்" என்று மட்டும் சொன்னார். சாச்சிக்கு இப்போதும் அந்த இரண்டு வசனமும் அப்படியே ஞாபகம். அந்த வசனங்கள் ஏறிப்போன மண் பாதுக்க என்பது அவருக்கு நாங்கள் சொல்லித்தான் தெரியும்.

1994இல் சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸ் வரை போடப்பட்ட கடலடிக் கேபிள் கொழும்பையும் தொட்டது. பிறகு இன்னும் கேபிள்கள் வந்தன. கேபிளில் தூரம் குறைவு, மோதல் இல்லை. இன்று சவூதிக்கு வட்ஸ்அப்பில் பேசும்போது குரல் பெரும்பாலும் கடலுக்கடியில்தான் போகிறது. நிலத்தில் இருப்பவர்களுக்குக் கேபிள் போதும். கடலில் இருப்பவர்களுக்குக் கேபிள் இழுக்க முடியாதே! செய்மதிப் போனின் இரண்டாவது கதை அங்கே தொடங்குகிறது.

கப்பல்களுக்காக 1979இல் இன்மார்சாட் அமைப்பு உருவானது, 1982இல் சேவை தொடங்கியது. முதலில் கப்பலில் மட்டும், பிறகு பெட்டியில் தூக்கிச் செல்லும் அளவுக்குச் சிறியதானது. 1991 வளைகுடா யுத்தத்தில் பீட்டர் ஆர்னெட் என்ற செய்தியாளர் பக்தாதிலிருந்து உலகத்தோடு பேசியது அப்படியான ஒரு பெட்டிப் போனில்தான். 1998 நவம்பரில் இரிடியம் வந்தது. சுமார் 780 கிலோமீற்றர் உயரத்தில் 66 செய்மதிகள், கையில் பிடிக்கும் போன். விலை தாங்காமல் 1999 ஓகஸ்டிலேயே அந்தக் கம்பனி முறிந்தது, பிறகு வேறு கைகளில் மீண்டது. இரிடியம் செய்மதிகள் ஒன்றுக்கொன்று கோலைக் கைமாற்றும். ஆனாலும் சாதாரணப் போனுக்குப் பேசினால் அது கடைசியில் அமெரிக்காவின் அரிசோனாவில் இறங்கித்தான் போக வேண்டும். கற்பிட்டிக்கு வெளியே பத்து மைலில் நின்று வீட்டுக்குப் பேசினாலும் குரல் அரிசோனா போய் வரும்.

அடுத்தது துரையா. 1997இல் ஐக்கிய அரபு இராச்சியத்தில் தொடங்கி, 2000 ஒக்டோபரில் முதல் செய்மதியை ஏவினார்கள். நம் ஊரில் பெண்பிள்ளைகளுக்குச் சுரையா என்று பெயர் வைக்கிறோமே, அதே அரபுச் சொல்தான், கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தின் பெயர். அதன் பிரதான தரை நிலையம் ஷார்ஜாவில் இருக்கிறது. ஆசிய பசிபிக் பக்கத்தைப் பார்த்த துரையா 3 செய்மதி 2024 ஏப்ரலில் பழுதாகி, ஒரு பெரிய பிரதேசத்தின் சேவையே நின்றுபோனது. ஆக, மண்ணில் உள்ளது படுத்தாலும் வெட்டு, வானத்தில் உள்ளது படுத்தாலும் வெட்டு. இரண்டும் நம் கையில் இல்லை.

இங்கே கடலுக்குப் போகும் சகோதரர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று உண்டு. இந்தியாவில் அனுமதியில்லாத துரையா, இரிடியம் போன்கள் தடை. 2008 மும்பைத் தாக்குதலில் செய்மதிப் போன் பயன்பட்ட பிறகு மிகவும் இறுக்கம். அங்கே அரச தொலைபேசி நிறுவனம் தன் நாட்டு மண்ணில் தரை நிலையம் வைத்து நடத்தும் இன்மார்சாட் சேவைக்குத்தான் அனுமதி கொடுக்கப்படுகிறது. காரணம் இலகுவானது. கோல் தன் மண்ணில் இறங்கினால்தான் அரசு அதைக் கண்காணிக்கலாம், நிறுத்தலாம். ஆகவே எல்லை தாண்டிப் பிடிபடும் படகில் அப்படி ஒரு போன் இருந்தால், எல்லை தாண்டிய வழக்கோடு இன்னொரு வழக்கும் சேரும். இலங்கையிலும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் வைத்திருக்க முடியாது. "டுபாயிலிருந்து ஒருத்தர் கொண்டு வந்தார்" என்று வாங்கிப் படகில் வைத்துவிடாதீர்கள்.

நம் கரையில் தரை நிலையம் எதுவும் இருக்கவில்லையா என்று கேட்டால், இருந்தது. சிலாபத்துக்குத் தெற்கே இரணவிலவில். அது தொலைபேசிக்கானதல்ல, அமெரிக்காவின் குரல் வானொலிக்கானது. 1983இல் ஜே.ஆர். ஜெயவர்தன அரசாங்கம் ஒப்பந்தம் செய்தது. இந்தியாவுக்கு அது பிடிக்கவில்லை. 1987 ஜூலை 29 இலங்கை இந்திய ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதத்திலேயே, வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் இராணுவ, உளவு வேலைக்குப் பயன்படக்கூடாது என்று ஒரு வசனம் இருக்கிறது. நம் மாவட்டத்தின் தென்னந்தோப்புக் கடற்கரை ஒன்று இரண்டு நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கைக்குள் வந்தது அப்படித்தான். 1990களில் நிலம் எடுக்கப்பட்டபோது அங்குள்ள மீனவர்களும் கத்தோலிக்க மக்களும் எதிர்த்துப் போராடினார்கள். கரை போய்விடும், வாடி போடும் இடம் போய்விடும் என்பது அவர்களுடைய பயம். ஆனாலும் கோபுரங்கள் எழுந்தன. வாஷிங்டனில் பேசிய குரல் செய்மதி வழியாக இரணவிலத் தட்டில் இறங்கியது, அங்கிருந்து சிற்றலையில் ஆசிய நாடுகளுக்குப் போனது. 2016இல் நிலையம் மூடப்பட்டது. 2020இல் கொரோனா வந்தபோது அதே கட்டடங்களில்தான் நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள்.

அந்தக் கோபுரங்களின் அடியிலிருந்து கடலுக்குப் போன மீனவர் கரையிலிருந்த மனைவியோடு பேச அந்த நிலையத்தால் ஒரு உதவியும் இல்லை. நிலம் நம்முடையது, குரல் வேறொருவருடையது, கேட்டவர் வேறு நாட்டவர். மண்ணைக் கொடுத்தால் பலன் தானாக வந்துவிடாது, முன்னமே கேட்டு எழுதி வாங்க வேண்டும் என்பதற்கு இரணவில நமக்குப் பாடம்.

பிறகு ஒரு செய்மதிக் கருவி நம் மீனவர்களிடம் வந்தது, அதுவும் அவர்கள் கேட்டதனால் வந்ததல்ல. 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டது. ஆழ்கடலில் எந்தப் படகு எங்கே பிடிக்கிறது என்று காட்டினால்தான் தடை நீங்கும் என்ற நிலை. அதனால் சுமார் 1,500 பலநாள் படகுகளுக்கு இருப்பிடம் காட்டும் கருவி பூட்டினார்கள். 2016இல் தடை நீங்கியது. சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்துப் பெரிய படகுகளுக்கு அது கிடைத்தது. கற்பிட்டி, கண்டக்குழி, உடப்பு என்று ஒருநாள் போட்டில் போகிறவர்களுக்கு இல்லை. மீன் ஐரோப்பாவுக்குப் போக வேண்டும் என்றபோது படகைத் தேடும் வழி கிடைத்தது. மனிதன் வீட்டுக்கு வர வேண்டும் என்பதற்கு இன்னும் கிடைக்கவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 2019 மே 12இல் சிலாபத்தில் தொடங்கிய கலவரம், மறுநாள் கொட்டாரமுல்லையில் ஒரு சகோதரரின் உயிரைக் குடித்தது. அன்று அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் நிறுத்தியது. வதந்தி பரவாமல் இருக்க என்றார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் "எங்கட ரோட்டுக்கு வந்துட்டாங்க" என்று பக்கத்து ஊருக்குச் சொல்லும் வழியும் அதோடு நின்றது. சாதாரணக் கோல்தான் அன்று நம்மைக் காத்தது. கோல் இறங்கும் மண் யாருடையதோ, அதைத் திறக்கவும் மூடவும் சாவி அவரிடம்தான். வெளிநாட்டு மண் என்றால் சாவி வெளிநாட்டில், நம் மண் என்றால் நம் அரசாங்கத்திடம். இரண்டிலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி உண்டு.

இப்போது ஸ்டார்லிங்க் வந்திருக்கிறது. 2024 ஓகஸ்டில் அனுமதி, 2025 ஜூலையில் சேவை. சுமார் 550 கிலோமீற்றர் உயரம் என்பதால் அந்தப் பழைய அரைச் செக்கன் மோதல் இல்லை. நாளைக்கு சாதாரணக் கைப்பேசியே செய்மதியோடு பேசும் என்கிறார்கள். இன்ஷா அல்லாஹ் வரட்டும். வரும்போது நம் மீனவர் சங்கங்களும் பள்ளி நிர்வாகங்களும் மூன்று விஷயம் கேட்க வேண்டும். இந்தக் கோல் எங்கே இறங்குகிறது? ஒருநாள் போட்டுக்கு இதில் என்ன இருக்கிறது? ஆபத்து நேரத்தில் யார் நிறுத்தலாம், யார் நிறுத்தக்கூடாது?

அந்த மாணவனுக்கு என்ன சொன்னோம் என்று கேட்பீர்கள். இன்றைக்கு வாப்பாவுக்கு நீ செய்யக்கூடியது இது: எந்தப் பக்கம் போகிறார், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று ஒரு கொப்பியில் எழுதி வை. பிந்தினால் யாருக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று சங்கத்தில் கேட்டு, அந்த நம்பரையும் அதிலேயே எழுது. அவன் அன்று இரவே எழுதிவிட்டான். மறுநாள் இன்னும் நான்கு பிள்ளைகள் கொப்பியோடு வந்தார்கள்.

கோபுரம் கட்ட நம்மால் முடியாது. ஆனால் தேடுவதற்கு ஒரு முனை எப்போதும் கரையில் இருக்க வேண்டும், அது நம் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

உங்கள் வீட்டில் பழைய வெளிநாட்டுக் கோல் ஞாபகம் உள்ள உம்மும்மா, சாச்சி, மாமி யாராவது இருந்தால் கேட்டு எழுதுங்கள். 1990இல் யார் எங்கிருந்து கோல் எடுத்தார்கள், என்ன சொன்னார்கள் என்று அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். அதுவும் நம் ஊரின் வரலாறுதான்.

கடலில் உள்ள எல்லோரையும் அல்லாஹ் பத்திரமாகக் கரை சேர்ப்பானாக. வஸ்ஸலாம்.